குழிக்கத்தி மாப்பிள்ளை

மனிதர்களைச் சாதி பார்த்துப் பிரிப்பவர்கள் உண்டு. கட்சி பார்த்து, நாமம் பார்த்து, எந்த நடிகருக்கு விசில் அடிக்கிறான் என்று பார்த்துப் பிரிப்பவர்களும் உண்டு. இவை எதையும் சட்டை செய்யாமல், ஒருவன் எந்த மாதிரி சவரக்கத்தியால் முகம் மழிக்கிறான் என்பதை மட்டும் வைத்து மனித குலத்தையே இரண்டாகப் பிளந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் அவரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம்.

அவர் சித்தாந்தம் எளிமையானது. மடக்கு சவரக்கத்தியை முனைப் பக்கமாகப் பார்க்க வேண்டும். சில கத்திகளை இரண்டு பக்கமும் குழித்துச் சாணை பிடித்திருப்பார்கள். முதுகு தடித்து, கூர் நெருங்க நெருங்கக் காகிதம் போல மெலிந்திருக்கும். அது குழிக்கத்தி, தேவர்களுக்கு உரியது. சில கத்திகளில் குழிவே இருக்காது. மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி சப்பையாக இறங்கும். அது ஆப்புக்கத்தி, அசுரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே பாதிக்குழி என்று ஒன்று உண்டாம். அதை வைத்திருப்பவர்களைத் திரிசங்கு என்பார். அவர்களோடு பேச்சு வார்த்தையே கிடையாது.

குழி சார் என்று பெயர் வைத்தது எங்கள் தொழிற்சாலை. பென்னலூர் பக்கம் நட்டும் போல்ட்டும் செய்த சின்னக் கம்பெனி அது. நான் ஸ்டோர்ஸில், அவர் இன்ஸ்பெக்‌ஷனில். இப்போது அந்தப் பக்கம் போனால் கம்பெனிகளுக்கு நடுவே ஊரைத் தேட வேண்டும். அப்போது ஊருக்கு நடுவே கம்பெனியைத் தேட வேண்டும்.

காலையில் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவிட்டு அவர் உட்கார்ந்தால் தெருவே ஊமையாக வேண்டும். குழிக்கத்தி தாடியில் இறங்கும்போது 'ங்ங்' என்று மெல்ல ஒலிக்குமாம். அந்த ஒலி சுத்தமாக இருந்தால்தான் சவரம் சுத்தம்.

"ரேடியோவ நிறுத்துப்பா! கத்தி பாடுது!"

"நியூஸ் சார். மழை வருமான்னு சொல்லப் போறான்" என்றேன்.

"மழை வந்தா தெரியாதா நமக்கு? ரேடியோ கத்தினா கத்தி பாடறது கேக்குமா?"

வீட்டுக்கார அம்மாளுக்கு முதலில் பயம். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னா தம்பி, உன் சிநேகிதரு தெனம் கெணத்தாண்ட குந்திகினு கத்திய காதுல வச்சிப் பாக்கறாரு? வூட்ல பொம்பளைங்க கீறோம்பா."

நல்ல மனிதர், முகம் மழிக்கிற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆசாரம் என்று சமாளித்தேன். ஆசாரம் என்ற சொல் அந்த ஊரில் எதையும் காப்பாற்றிவிடும்.

கடைத்தெரு சலூனில் அது செல்லவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன குழி சார், வேறு யாருக்கோ சவரம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து போய், கத்தியை ஓரமாகக் குனிந்து பார்த்து "ச்சு ச்சு" கொட்டியிருக்கிறார். நாற்காலியில் இருந்தவர் தனக்குக் காது போய்விட்டதாக நினைத்து அலறிவிட்டார். சலூன்காரர் சீப்பை வைத்துவிட்டுச் சொன்னார். "தோ பாரு சார். முடி வெட்டணும்னா குந்து. கத்தி பாக்கணும்னா கறிக்கடைக்குப் போ."

அதற்குப் பிறகு அவர் முடி வெட்டிக்கொள்ளக் காஞ்சிபுரம் போய் வந்தார்.

தொழிற்சாலையிலும் இதே கதை. புது சூப்பர்வைசர் வந்த அன்று எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, உற்பத்தி, ஒழுக்கம், ஓ.டி. என்று முழங்கினார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கடைசியில் கேட்டார். யாருக்கும் இல்லை. குழி சாருக்கு இருந்தது.

"சார், தாடைக்குக் கீழ வெட்டுக்காயம் இருக்கு. உங்க கத்தி உங்களுக்குச் சரியில்ல."

"நான் கத்தி யூஸ் பண்றதில்ல. பிளேடு."

"அதைத்தான் சார் சொல்றேன்."

அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. "பிளேடு போடறவன் கையெழுத்துல வர்ற புரமோஷன் எனக்கு எதுக்குப்பா?" என்று திண்ணமாகக் கேட்டார். ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை.

கல்யாணமும் தள்ளிக்கொண்டே போயிற்று. பெற்றோர் இல்லை, அக்கா ஒருத்திதான். அக்கா பார்த்து வைக்கும் இடங்களிலெல்லாம், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கும் முன் பெண்ணின் அப்பா எதால் சவரம் செய்கிறார் என்று இவர் கேட்பார். ஆப்புக்கத்தி என்று தெரிந்தால் ஜாதகம் திரும்பிப் போய்விடும். வல்லக்கோட்டையில் ஒரு பெண் அமைந்தபோது அக்கா முந்திக்கொண்டார். "இந்தத் தடவ கத்தின்னு வாயத் தொறந்தே, எனக்குத் தம்பியே கெடையாது!"

பெண் பால்வாடியில் ஆசிரியை. அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் குழி சாரும் நானும் பஸ் ஏறினோம். அவர் சட்டைப் பையில் ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு இது எதுக்கு சார்?"

"இருக்கட்டும்பா. ஒரு தைரியத்துக்கு."

முருகனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். கேசரி வந்தது. பட்டாளத்துக்காரர் கனிவாகப் பேசினார். பெண்ணைக் கூப்பிட உள்ளே ஆள் போயிற்று. எல்லாம் கூடி வந்த அந்த நேரத்தில் குழி சாரின் கண் ஜன்னல் மாடத்தில் நிலைகுத்தி நின்றுவிட்டது. அங்கே காக்கித் துணியின் மேல் ஒரு சவரக்கத்தி. தூரத்திலிருந்து எனக்கே தெரிந்தது. குழிவு என்பதே இல்லை. வெறும் ஆப்பு.

அக்கா அவர் தொடையைக் கிள்ளினார். பலனில்லை.

"ஐயா, இதுலயா முகம் வழிக்கிறீங்க?"

"ஆமா. பட்டாளத்துலேர்ந்து என்கூட வர்றது. இன்னா, ஏன் கேக்கற?"

"இது கத்தியில்லீங்க. வெறகு பொளக்கறது."

பெரியவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "உன்கிட்ட இன்னா கீது? எடு, பாக்கலாம்."

குழி சார் எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தட்டி, சிரித்தார். "தகரம். காத்தடிச்சா வளையும். என் தாடிய இது தாங்குமா?"

"தாங்கும்."

"வழிச்சிக் காட்டு. உன்னுது செயிச்சா உன்னுதுதான் ஒசத்தின்னு ஒத்துக்கறேன். அப்பால என்னுத உன் மூஞ்சில போடுவேன். சம்மதமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். முற்றத்துக்கு முக்காலி வந்தது. சோப்பு, பிரஷ், வெந்நீர் வந்தது. பெரியவர் தாடி சாதாரணமில்லை, இரும்புக் கம்பி. குழிக்கத்தி பாட ஆரம்பித்தது; பாட்டு முனகலாகி, முனகல் விக்கலாகி, பாதிக் கன்னத்தில் கத்தி தடுக்கி நின்றது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. குழி சாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எந்திரி. இப்ப நீ குந்து" என்றார் பெரியவர்.

ஆப்புக்கத்தி சத்தமே போடாமல் குழி சாரின் இடது கன்னத்தில் இறங்கியது. அவர் கண்களை இறுக்கி மூடியிருந்தார். பிறகு அந்த இறுக்கம் தளர்ந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் பெண் வெளியே வந்தாள். பாதி மழித்த அப்பா, பாதி மழித்த மாப்பிள்ளை. இருவர் முகத்திலும் சோப்பு நுரை. அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, இவர எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்து நான் பதில் சொல்றது?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்துவிட்டார். குழி சார் மட்டும் எழுந்து, நுரை வழிய, கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க. வந்த எடத்துல எனக்கு இது வேணாத வேல."

"கத்தி எதுவா இருந்தா எனக்கு இன்னா?" என்றாள் பெண். "ஆனா ஒண்ணு. சமையக்கட்டுல கீற என் அருவாமணைய நல்லதா, கெட்டதான்னு சொல்லக் கூடாது. தொடவும் கூடாது."

அதுதான் சம்மதம் என்று புரிந்துகொள்ளக் குழி சாருக்கு நேரம் பிடித்தது. நான் விளக்கிச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் வரப்போகும் சமயத்தில் என் காதருகே குனிந்தார். "நல்லாத்தான் இருந்துச்சுப்பா. கம்பெனில யாராண்டயும் சொல்லிடாதே."

கல்யாணமாகி வல்லக்கோட்டைக்கே போய்விட்டார். சைக்கிளில் வேலைக்கு வந்தார். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கத்திச் சண்டை, வாயால்தான். யாரும் யாரையும் மாற்றவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் முதலில் சமாதானம் செய்யப் போனார்களாம். பிறகு வேடிக்கை பார்க்க நாற்காலி கொண்டுபோனார்களாம்.

நான் வேறு வேலை கிடைத்து மறைமலை நகர் போய்விட்டேன். சில வருஷம் கழித்து ஒரு காலை, கோயிலுக்கு வந்த வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிற்று. குழி சார் அவர் எதிரில் உட்கார்ந்து, பட்டாளத்து ஆப்புக்கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சப்பைக் கத்திக்குக் கூர் ஏற்றுவது லேசான வேலையில்லை. நெற்றியில் வியர்வை.

"தெனமுமா சார்?"

"தெனமும்தான். மாமா தாடிக்கு இதாம்ப்பா சரி. நம்ம கத்தி அவருக்கு வலிக்கும்."

சோப்புப் போட்டு, தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, அவசரமில்லாமல் மழித்தார். முடித்துத் துடைத்ததும் பெரியவர் இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. குழி சாருக்குப் புரிந்தது.

"மட்டமான கத்தி மாமா" என்றார் உரக்க. "வெறகு பொளக்கறது!"

பெரியவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உடம்பு குலுங்க அவர் சிரித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று குழி சார் என்னிடம் சொன்னார். அடுத்ததில் போய்க்கொள்கிறேன் என்றேன். அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன்.