சால்மன் மீனும் மூன்றாம் சனிக்கிழமையும்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதை அரசாங்கம் மூன்று தடவை நம்பவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும். கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஆதாரில் இருக்கிற முகமும் இந்த முகமும் ஒன்றுதான் என்று போன் ஒத்துக்கொண்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இவர் என் போனை வாங்கிக் காட்டினார். 'முகம் பொருந்தவில்லை' என்றது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காட்டினார். பொருந்தவில்லை. நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் பொருந்தவில்லை.

நான் முந்தானையால் போனைத் துடைத்துக் கொடுத்தேன். காலையில் தோசை சுட்ட கையோடு பேத்தியிடம் அதில் பேசியிருந்தேன். எண்ணெய். துடைத்ததும் பொருந்திவிட்டது.

அவர் மனசுதான் ஆறவில்லை.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ், தங்கம்! வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல பலராமன்னா பியூன்லாம் எழுந்து நிப்பான். இன்னிக்கு ஒரு போனு என்னைப் பார்த்து நீ யாருன்னு கேக்குது."

"போன்ல எண்ணெய்ங்க."

"எண்ணெய் இல்ல. மூஞ்சில சுருக்கம். கண்ணுக்குக் கீழ பாரு, பை பையா தொங்குது. எங்க ஆபீஸ் தசரதனைப் பாரு, என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு."

"அவர் தினம் ஸ்டேடியத்துல நடக்கறாருங்க."

நடக்கிறார் என்றதும் இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். காரணம் உண்டு.

போன வருஷம் எங்கள் மகள் சினேகாவுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வெளியே வந்தால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து கிரிவலம் வருகிறோம் என்று. பதினொரு பௌர்ணமி போய்விட்டது. ஒன்றுக்கு முட்டி வலி. ஒன்றுக்கு மழை. ஒன்றுக்குச் செருப்பு புதுசு, கடிக்கிறது என்றார். வெறுங்காலோடுதானே நடக்கணும் என்றேன். அப்படியா, அப்ப கால் பழசு என்றார். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் தாத்தா இன்னும் நடக்கவில்லை.

எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து ஜனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். நான் தனியாக எத்தனையோ தரம் வந்திருக்கிறேன். ஆனால் வேண்டுதல் ரெண்டு பேருக்கு. தினமும் விளக்கேற்றும்போது சாமி முகத்தை நேராகப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

அவருக்குப் பக்தி இல்லை என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பக்தி எல்லாம் செய்வார். முக்கியமாகப் புரட்டாசி. மாதம் பிறந்ததும் மீன் சட்டி மாடிக்குப் போய்விடும். கவிழ்த்து வைத்து மேலே செங்கல் வேறு வைப்பார், சட்டி தானாக இறங்கி வந்துவிடும் என்கிற மாதிரி. மீன்காரர் எங்கள் தெருமுனையிலேயே ஹாரனை நிறுத்திக்கொள்வார். சென்னையில் இருக்கும் மகன் மாறனை வீடியோவில் கூப்பிட்டு விசாரணை நடக்கும்.

"பின்னாடி தட்டுல என்னாடா?"

"காலிஃப்ளவர்ப்பா."

"காலிஃப்ளவருக்கு எதுக்குடா எலும்பு?"

அப்படிப்பட்ட புரட்டாசியில், மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், பெருமாளுக்குத் தளிகை போடப் பூஜை அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"பலராமன் சார் வீடுங்களா? செங்கம் ரோடு ஸ்கின் கிளினிக்ல இருந்து அபிநயா பேசறேம்மா."

இவருக்கு ஒரு பழக்கம். கேஸ், ரேஷன், பாங்கு, எந்தப் படிவமானாலும் என் நம்பரைத்தான் எழுதுவார். தன் நம்பரைக் கொடுத்தால் கண்டவர்கள் கூப்பிட்டுத் தொல்லை செய்வார்களாம். முப்பத்தாறு வருஷம் படிவம் நிரப்பிய கை. இங்கேயும் யோசிக்காமல் எழுதிவிட்டது.

"சார் நாளைக்குப் பதினோரு மணிக்கு ஊசிக்கு வர்றாரு. ஃபார்ம்ல ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பாம விட்டுட்டாரும்மா. மீன் சாப்ட்டா அவருக்கு அரிப்பு, தடிப்பு ஏதாவது வருமா?"

"மீன் எதுக்கும்மா?"

"சால்மன் மீன் டி.என்.ஏ. ஊசிம்மா. மீன்ல இருந்து எடுத்து நல்லா சுத்தம் பண்ணி, கண்ணுக்குக் கீழ, கன்னத்துல சின்னச் சின்னதா போடுவோம். தோல் உள்ளேருந்து தன்னைத்தானே சரி பண்ணிக்கும்."

"டி.என்.ஏ.ன்னா என்னாம்மா?"

"ஒரு உயிர் எப்படி இருக்கணும்னு உள்ள எழுதி வச்சிருக்கிற மாதிரிம்மா."

"மீனுக்கு எழுதினதை இவருக்குப் போட்டா நீந்த ஆரம்பிச்சிடுவாரா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஆவாதும்மா. பொடிப் பொடியா உடைச்சிருப்பாங்க. தோலைத் தூண்டிவிடும், அவ்ளோதான்."

"மீன்ல எந்த இடத்துல இருந்து எடுக்கறாங்க?"

சொன்னாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அப்போது பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

"மீன் சாப்ட்டா அவருக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. முள்ளைக்கூட விடமாட்டாரு."

"சரிம்மா. ஊசி போட்ட அன்னிக்கு மூஞ்சில கை வைக்கக்கூடாது, எதுவும் பூசக்கூடாது. ஒரு வாரம் வெயில் படக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த நம்பருக்குக் கூப்பிட்டு எப்படி இருக்குன்னு நாங்களே கேப்போம்."

"கூப்பிடும்மா. ஆறு மணிக்குக் கண்டிப்பா கூப்பிடு."

அன்று சாயங்காலம் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நாளைக்கு மூணாவது சனி. பெருமாள் கோயில்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். நான் வர லேட்டாவும்."

நான் தடுத்திருக்கலாம். தப்புதான். விளக்கேற்றிவிட்டு அண்ணாமலையாரிடம் நீயே ஒரு வழி காட்டு என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே காலண்டர். திங்கட்கிழமையில் பௌர்ணமி வட்டமாக இருந்தது. நான் எந்தத் திட்டமும் போடவில்லை. காட்டியது காலண்டர்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வந்தார், முகத்தில் கைக்குட்டையோடு. எடுத்தால், ஜவ்வரிசி வடாம் காயப்போட்ட மாதிரி கண்ணுக்குக் கீழே வரிசை வரிசையாகப் புடைப்பு.

"ஐயய்யோ, என்னாங்க இது?"

"தேனீ. கோயில்ல கூடு கட்டியிருக்கு."

"ரெண்டு கன்னத்துலயும் சரிசமமா கொட்டியிருக்கே?"

"பெருமாள் கோயில் தேனீடி. ஒரு ஒழுங்கு இருக்கும்."

"இருங்க, சுண்ணாம்பு தடவறேன்."

"வேணாம்! கிட்ட வராத!"

"மஞ்சளாவது வைக்கறேங்க."

"மஞ்சளும் வேணாம்!"

நான் கிண்ணத்தோடு வர, அவர் சாப்பாட்டு மேஜையை மூன்று சுற்றுச் சுற்றினார். முட்டி வலிக்காரர். நல்ல வேகம். மனசில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் தளிகை போட்டோம். 'கோவிந்தா' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். புளியோதரையும் வடையும் நன்றாகவே இறங்கின.

ஐந்து ஐம்பதுக்கு மறுநாள் இட்லிக்கு மாவு கரைத்தபடி கேட்டேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம். நம்ம மாறன் புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா மீனைத் தொட்டுட்டான்னு வச்சுக்குங்க..."

"தொட்டுட்டானா!"

"வச்சுக்குங்கன்னேன். அதுவும் கோயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு."

"பொய் வேறயா!" எழுந்து நின்றுவிட்டார். ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "யாரை ஏமாத்தறான்? பெருமாளையா?"

"இதுக்குப் பரிகாரம் என்னாங்க?"

"அவனுக்கெல்லாம் தேங்கா உடைக்கறது பத்தாது. திங்கக்கிழமை பௌர்ணமி. கிளம்பி வரச் சொல்லு. கிரிவலம் போவணும். வெறுங்கால்ல!"

"நடுவுல கால் வலிச்சா?"

"வலிக்கட்டும்! ஆட்டோ ஏறக்கூடாது. சோடா குடிக்கக்கூடாது. எட்டு லிங்கத்துலயும் நின்னு, லிங்கத்துக்கு அஞ்சு தோப்புக்கரணம் போட்டுட்டுத்தான் தாண்டணும்!"

"பெத்த வயிறு கேக்குதுங்க. கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதா?"

"கூடாது! தப்புன்னா தப்புதான். அப்பனா இருந்தா என்னா, புள்ளையா இருந்தா என்னா!"

போன் அடித்தது. மணி ஆறு. என் கையெல்லாம் மாவு. அதனால்தான் ஸ்பீக்கரில் போட்டேன், வேறொன்றும் இல்லை.

"அம்மா, அபிநயா பேசறேன். பலராமன் சாருக்கு மீன் ஊசி போட்ட இடத்துல வீக்கம் கம்மியாச்சா?"

"இங்கதாம்மா நிக்கறாரு. இப்ப வரைக்கும் நல்லா பேசிக்கிட்டிருந்தாரு."

"சார், மூஞ்சி எப்படி இருக்கு சார்?"

அந்த முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. மெதுவாக உட்கார்ந்தார். போனை வைத்தேன்.

"தங்கம், வாயால சாப்பிடலையே. ஊசிதானே?"

"சரிங்க. அப்ப மாறனுக்கும் ஊசின்னா பரவாயில்லைன்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம்." கன்னத்தைத் தொடப் போன கையை இறக்கிக்கொண்டு, "டாக்டர் வெயில் படக்கூடாதுன்னு சொன்னாரு."

"தெரியுங்க. அதான் ஆறு மணிக்குமேல கிளம்பறோம்."

பெருமாளிடம் செய்த தப்புக்கு ஈஸ்வரனைச் சுற்றினால் ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். என்னைக் கேட்காதீர்கள். தீர்ப்பு அவருடையது.

திங்கட்கிழமை நடந்தோம். இந்திர லிங்கத்தில் அஞ்சு தோப்புக்கரணமும் கம்பீரமாகப் போட்டார். எம லிங்கத்தில், "சரியான இடம். என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடு" என்றார். குபேர லிங்கத்தில் தோப்புக்கரணத்தை நான்தான் எண்ண வேண்டியிருந்தது. கடைசி லிங்கம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சினேகா தியேட்டருக்குள்ள இருந்தப்ப நானும்தான் வேண்டிக்கிட்டேன், தங்கம். உங்கிட்ட சொல்லல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னான்னுங்க?"

"கிரிவலம் தவிர வேற என்னா வேணா செய்யறேன்னு."

சிரித்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது சாமியை நேராகப் பார்க்க முடிந்தது. ஒரு வருஷம் ஆயிற்று அப்படிப் பார்த்து.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் பத்து நாளில் இவர் முகத்தில் நிஜமாகவே ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது. கண்ணாடியை விட்டு நகர்வதில்லை. அடுத்த ஊசி எப்போது என்று எனக்குத் தெரியாமல் விரல் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் சட்டி இன்னும் மாடியில் செங்கலோடுதான் இருந்தது.

அன்றைக்குத் தசரதன் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டேய் பலராமா! என்னாடா மூஞ்சி இப்படி மின்னுது! பத்து வயசு கொறைஞ்சிட்டியே!"

இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அது வந்து..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். புரட்டாசி முடிய இன்னும் நாள் இருந்தது.

"நீ மறைக்காதடா. தங்கச்சி என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

இவர் முகத்தில் இருந்த மினுமினுப்பு அப்படியே வடிந்தது.

"கிரிவலம்! ஒரே ஒரு சுத்துக்கே இந்தப் பளபளப்பு! நானும் ஸ்டேடியத்தைச் சுத்தி என்னாத்தைக் கண்டேன்? பென்ஷனர் சங்கத்துல சொல்லிட்டேன். பதினாலு பேர் ரெடி. இனிமே மாசா மாசம் பௌர்ணமிக்கு நீதான் முன்னாடி நடக்கணும். பேரைக்கூட நோட்டீஸ் போர்டுல எழுதியாச்சு."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே," என்றேன், "லிங்கத்துக்கு அஞ்சு தோப்புக்கரணம்னு இவர் சொன்னதையும் போர்டுல எழுதிட்டீங்கதானே?"