சந்தனக் கோழி

"அம்மா, மூஞ்சி எரியுது. பூண்டு வாடை வேற அடிக்குது" என்று குளியலறையிலிருந்து வெனிங் கத்தினாள்.

முர்த்தினி அலட்டிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். வழக்கப்படி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, தினமும் லுலுர் விழுது பூசிக் குளிக்கும் பெண்ணுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மஞ்சள், அரிசி, கச்சோலம், சந்தனம், மல்லிகை எல்லாம் சேர்த்துக் காலையில் முர்த்தினியே கல்லில் அரைத்தது. கையோடு அதே கல்லில் கோழிக்கு மசாலாவையும் அரைத்து, இரண்டு கிண்ணத்தையும் வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தாள். அதுவும் மஞ்சள்தான்.

அதுவும் மஞ்சள்தான் என்று நினைத்த மாத்திரத்தில் கிண்ணம் மாறிப்போனது அவளுக்கு உறைத்தது.

அடுக்களைக்கு ஓடினாள். சட்டியில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க மணவறை வாசனை.

வேறு யாருக்கு என்றாலும் சமாளித்திருப்பாள். இன்று சாப்பிட வரப்போவது மாப்பிள்ளையின் அம்மா பிரிஹாத்தின். க்லாத்தென் வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அந்தம்மாவின் ஆட்கள்தான் சமையல். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், சூப்பில் எலுமிச்சை இலை போடவில்லை என்று பாதியில் எழுந்து வந்தவர் என்று ஊரே பேசும். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

வாசனையை அமுக்கத் தேங்காய்ப்பாலை ஊற்றினாள். லுலுரில் இருந்த அரிசி பாலைக் குடித்து, குழம்பு போஸ்டர் ஒட்டும் பசையானது. பசையை மறைக்க மிளகாயை அள்ளிப் போட்டாள். மிளகாய் சேர்ந்ததும் சந்தனத்துக்குப் புது உற்சாகம் பிறந்தது. கடைசியில் துண்டுகளை வழித்தெடுத்து எண்ணெயில் பொரித்தாள். இப்போது வாசனை பக்கத்து வீட்டுக்கும் போனது.

இதற்குள் வெனிங் சும்மா இருக்கவில்லை. பூண்டு வாடை போகக் காப்பிப்பொடியைத் தேய்த்திருந்தாள். காப்பியின் கருமை போக எலுமிச்சம்பழம். எலுமிச்சையின் எரிச்சல் தணிய வெள்ளரிக்காய்.

"என்னடி இது, தக்காளி மாதிரி இருக்கே?"

"நீ அரைச்சதைத்தானேம்மா பூசினேன்" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அரிசிமாவைக் குழைத்து அந்த முகத்தில் அப்பிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

பிரிஹாத்தின் நேராக வந்து மருமகளின் இரு கன்னத்திலும் கன்னம் வைத்தார். பூண்டு வாடையில் முர்த்தினிக்கே தும்மல் வந்தது. அந்தம்மாவோ, பெண்ணுக்குக் கல்யாணக்களை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நல்ல மனுஷி, மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தபோது முர்த்தினிக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்காரர் வாய் வைத்த பிறகுதான் விருந்தாளி சாப்பிடுவது முறை. கணவர் கியோனோவுக்கு விஷயம் தெரியாது. முர்த்தினி கண்ணைக் காட்டினாள். சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, பெரிய துண்டாகப் பார்த்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். சம்பந்தியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, துப்பவும் முடியவில்லை. விழுங்கினார். இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது.

பிரிஹாத்தின் ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. அப்புறம் முர்த்தினியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இதுல என்ன சேர்த்தீங்க, சம்பந்தி? மறைக்காம சொல்லுங்க."

தப்பிக்க வழியில்லை. கச்சோலம், அரிசி, மல்லிகை, சந்தனம் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிரிஹாத்தின் போனை எடுத்துத் தன் சமையல் ஆட்களைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருக்கும் கோழி அத்தனையையும் இதே பக்குவத்தில் செய்ய வேண்டும், சந்தனத்தைக் குறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முர்த்தினிக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருஷமாகத் தன் கைமணம் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பூரித்தாள். பிறந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். தண்ணீர்ச் செம்பும் கையுமாகக் கொல்லைப்பக்கம் நின்ற கணவரிடம், ருசி தெரியாத மனுஷன் என்று இடித்துக் காட்டினாள். சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் இலையில் கட்டி, அம்மாவோடு வந்திருந்த மாப்பிள்ளையின் தம்பி பகாஸிடம் கொடுத்தாள்.

அம்மா காரில் ஏறும்வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு பொட்டலத்தை மெல்ல அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை. காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா அம்மாவுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. சாப்பிடறவங்க முகத்தைப் பார்த்துத்தான் எது நல்லா இருக்குன்னு முடிவு பண்ணுவாங்க. இன்னைக்கு மாமா ஆனந்தக் கண்ணீர் விட்டாரு பாருங்க, அதுல அப்படியே அசந்துட்டாங்க."