அடுக்களைக்கு வந்த பஸ் பெயிண்டு

அலமாரிக் கதவைத் திறக்கப் போன முத்துவடிவின் கை கதவோடேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள். கதவு வந்தது, கை வரவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்க."

கூப்பிட்ட குரலிலேயே வல்லிநாயகத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. மண்ணெண்ணெய்ப் புட்டியும் கந்தல் துணியுமாக அடுக்களைக்கு வந்தார்.

"காஞ்சிருக்கும்னு சொன்னீய."

"பதினோரு நாளாச்சு. காஞ்சிருக்கணுமே."

"அலமாரிக்கு நாள் எண்ணத் தெரியாது போல."

அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். ஐந்து விரலும் கதவில் அழகாகப் பதிந்திருந்தன.

வல்லிநாயகம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வர்ண விஷயத்தில் தன்னை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. அதனால்தான் அலமாரிக்கு எனாமல் பெயிண்டு வாங்கி, தானே பிரஷ்ஷைப் பிடித்தார். அது குற்றாலச் சீசன் சமயம் என்பதை மட்டும் மறந்துபோனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷத்துச் சீசன், சாதாரணச் சீசன் இல்லை. ஆடி பிறந்து மூன்று நாளாகியும் சாரல் விடவில்லை. உப்பு கசிந்தது, அப்பளம் நமுத்தது, தீக்குச்சி பெட்டியில் இருக்கும்போதே அழுதது. ஆனாலும் அந்த ஈரத்தை நொந்துகொண்டவர்கள் ஊரில் யாருமில்லை. பம்பாயிலும் மெட்ராஸிலும் சிதறிக் கிடந்த சொந்தமெல்லாம் வந்து சேர்கிற காலம் அது. வீட்டுக்கு நாலு பேர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குற்றாலம் போக வண்டிக்கு நிற்பார்கள். ராத்திரி இலை போட்டால் கூடத்தில் இடம் பற்றாது. அந்த நெருக்கடியை நினைத்தால் இப்போதும் மனசு இளகித்தான் போகிறது.

அந்த வருஷம் முத்துவடிவின் அக்கா கல்யாணசுந்தரி மெட்ராஸிலிருந்து வருவதாக எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கொல்லம் மெயில். கூட அவள் கணவர் நமசிவாயம். ஆறு வருஷம் கழித்து வருகிறார்கள்.

அக்காவின் கடிதங்களை முத்துவடிவு ஒன்று விடாமல் வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக எல்லாக் கடிதத்திலும் ஓர் அலமாரி வந்தது. அடுக்களையில் சுவர் நீளத்துக்கு அலமாரி. பிரஷ் படாமல், காருக்கு அடிப்பதுபோல் மிஷினால் பீய்ச்சி அடித்த பெயிண்டு. தந்த நிறம். எண்ணெய்ப் பிசுக்கு நிற்காது, புகைக்கு மங்காது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தால் முகம் தெரியும்.

முத்துவடிவின் அலமாரி செங்கோட்டைப் பலா மரத்தில் செய்தது. விறகடுப்புப் புகையில் அதன் நிறம் என்னவென்று அதைச் செய்த தச்சருக்கே மறந்திருக்கும்.

"சின்னதுலேருந்தே அவ உடுத்துன பாவாடைதான் மறு வருசம் எனக்கு" என்று முத்துவடிவு ஒருநாள் சொன்னாள். "மெட்ராஸ் மாப்பிள்ளையும் அவளுக்குத்தான் வந்துச்சு. பரவால்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவ என் அடுக்களையில நின்னு என்னயப் பாத்துப் பாவம்னு நெனைக்காமப் போனாப் போதும்."

மெட்ராஸ் மாப்பிள்ளை அவளுக்கு என்றால் மிச்சம் யாருக்கு என்று வல்லிநாயகம் கேட்கவில்லை. ஆனால் சுருக்கென்றது. இந்த அலமாரியைப் பளபளக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

முத்துவடிவின் கை ஒட்டிக்கொண்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிளேடு வைத்து எனாமலைச் சுரண்டினார். சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் கொசு மருந்து அடிக்கிற பம்பு ஒன்று இருந்தது. பீய்ச்சுவதுதானே முக்கியம், மருந்தாக இருந்தால் என்ன, பெயிண்டாக இருந்தால் என்ன? மீதி பெயிண்டில் மண்ணெண்ணெய் கலந்து பம்பில் ஊற்றி ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தள்ளுக்கும் வரவில்லை. துவாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தள்ளுத் தள்ளியபோது எல்லாம் வந்தது.

முத்துவடிவு ஓடிவந்து பார்த்தாள். சுவரில், ஊறுகாய்ப் பரணியில், உறியில், அவர் மூக்குக் கண்ணாடியில், எங்கும் தந்த நிறம்.

"அலமாரியில மட்டும் படல" என்றாள்.

திங்கட்கிழமை காலை கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் பாடி கட்டுகிற ஷெட்டுக்குப் போனார். அங்கே பெயிண்டர் ஹபீபுல்லா. தென்காசி ரோட்டில் ஓடிய பஸ்களில் பாதி அவர் கை வர்ணம்தான். அந்த நாளில் பஸ் வருவது தூரத்துப் புள்ளியாகத் தெரியும்போதே பச்சையா சிவப்பா என்று பார்த்து எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவோம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூடச் சரியான பஸ்ஸில் ஏறியது ஹபீபுல்லாவின் தயவால்தான்.

"அடுக்களை அலமாரியா?" என்று அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன செஞ்சீய சார்வாள் இதை?"

"அதெல்லாம் இருக்கட்டும் பாய். உங்க பெயிண்டு புகை, எண்ணெய், ஆவி எல்லாம் தாங்குமா?"

"பஸ்ஸு மேல டீசல் சிந்துது, கிரீஸ் ஒட்டுது, வெயில் காயுது, மழை அடிக்குது. ஒண்ணுக்கும் அசையல. உங்க வீட்டு ரசத்துக்கா அசையப் போகுது?"

இப்படி ஒரு உத்தரவாதத்துக்குத்தான் வல்லிநாயகம் ஏங்கிக் கிடந்தார்.

ஹபீபுல்லா பழைய பெயிண்டை வழித்து, பட்டி போட்டு, தேய்த்து, மறுநாள் மத்தியானம் கம்ப்ரசரை ஓட்டித் தந்த நிறத்தைப் பீய்ச்சினார். கதவு பளபளத்தது. வல்லிநாயகம் தன் முகத்தை அதில் பார்த்துத் தலைகூட வாரிக்கொண்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முகத்தைக் காணோம். கதவெல்லாம் வெள்ளையாக மூடுபனி விழுந்தாற்போல் மங்கியிருந்தது.

"பூத்துட்டு" என்றார் ஹபீபுல்லா. "காத்துல ஈரம் இருந்தா இந்தப் பெயிண்டு இப்படித்தான் பூக்கும். சீசன்ல நாங்க பஸ்ஸுக்கே அடிக்க மாட்டோம்."

"இதை முதல்லயே சொல்லலாம்லா?"

"அவசரம்னீய. இதுக்கு ஒரு மணி நேரமாவது காஞ்ச காத்தும் வெயிலும் வேணும்."

"வெயிலுக்கு எங்க போறது?"

கேட்டு முடிக்கும்போதே வல்லிநாயகத்துக்கு விடை கிடைத்துவிட்டது. தென்காசியில் சாரல் அடிக்கும் அதே நேரம் கிழக்கே பன்னிரண்டு மைலில் ஆலங்குளத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். இந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வற்றல் காயப்போட அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அலமாரியைக் கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு எழுதிவிட்டு, பஸ் கூரையில் அலமாரியைக் கட்டினார். காலால் மிதித்துக் காற்றடிக்கிற சின்னப் பம்போடு ஹபீபுல்லாவும் ஏறிக்கொண்டார். வழியில் ஏறிய ஒரு கிழவர், "கல்யாணச் சீரா?" என்று கேட்டார். "இல்ல, வெயிலுக்குப் போகுது" என்றார் ஹபீபுல்லா. கிழவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆலங்குளத்தில் நல்ல வெயில். வல்லிநாயகம் வேர்த்து வழிய மிதித்தார், ஹபீபுல்லா பீய்ச்சினார். பூக்கவில்லை. மங்கவில்லை. முகம் மறுபடி தெரிந்தது.

"பாத்தீயளா பாய், புத்தி வேணும்" என்றார் வல்லிநாயகம்.

அதைச் சொன்ன நேரமோ என்னவோ, ஆடிக்காற்று எழும்பியது. சாரலை அள்ளிக்கொண்டு தென்காசிக்கு வருகிற காற்றுதான் ஆலங்குளத்துக்குப் போனதும் செம்மண்ணை அள்ளும். வேட்டியை அவிழ்த்து அலமாரியை மூடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். நடு ரோட்டில் அதுவும் முடியாமல் போயிற்று. காற்று அடங்கியபோது அலமாரி தேங்காய் துருவலாம் என்கிற பதத்தில் இருந்தது.

ராத்திரி முத்துவடிவு கதவைத் திறந்தாள். அவர் தலையில் இருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டு வெந்நீர் போட்டாள்.

வியாழக்கிழமையும் வயிற்றுவலி நீடித்தது. ஷெட்டில் இருவரும் மண்ணைத் தேய்த்து எடுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு. பக்கத்தில் பெயிண்டு மட்டும் பாக்கியாக, வெள்ளோட்டத்துக்குக் காத்து ஒரு பஸ் நின்றது. திடீரென்று மேகம் விலகித் தென்காசியிலேயே சுள்ளென்று வெயில் விழுந்தது. பத்து நாளில் முதல் வெயில். ஷெட்டில் எல்லோரும் பரபரத்தார்கள். ஹபீபுல்லா பெயிண்டு பீய்ச்சுகிற துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

"பாய், என் அலமாரி."

"துப்பாக்கியில பச்சை இருக்கு சார்வாள். கழுவித் தந்தம் ஊத்துறதுக்குள்ள வெயில் போயிரும். பச்சைன்னா இப்பவே அடிக்கேன். யோசிக்காதீங்க."

வல்லிநாயகம் வானத்தைப் பார்த்தார். மறுநாள் கொல்லம் மெயில் வருவதை நினைத்தார். "அடிங்க" என்றார்.

பச்சை அருமையாகப் பிடித்தது. பாறை மாதிரி இறுகிக் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த நிம்மதியில் அவர் சாப்பிடப் போய்விட்டு வந்தார். வந்து பார்த்தால் அலமாரியின் நடுவில் ஒரு மஞ்சள் பட்டை. பட்டைக்கு மேலே சிவப்பு எழுத்தில், 'புகை பிடிக்காதீர்'.

"என்ன பாய் இது?"

ஹபீபுல்லா தலையைச் சொறிந்தார். "இருபது வருசப் பழக்கம். பச்சை முடிஞ்சா மஞ்சக் கோடு, கோடு முடிஞ்சா இது. பஸ்ஸுல எழுதிட்டு அப்படியே திரும்பி உக்காந்தேன், கை எழுதிட்டு. அழிச்சா பச்சையும் சேந்து போயிரும் சார்வாள்."

அலமாரி வீட்டுக்கு வந்தது. முத்துவடிவு சிவப்பு எழுத்தை வாசித்தாள். விறகடுப்பு வழக்கம்போல் அடுக்களை நிறையப் புகையைப் பரப்பிக்கொண்டிருந்தது.

"இது யாருக்குச் சொல்லியிருக்கு? எனக்கா, அடுப்புக்கா?" என்றாள். பிறகு எழுத்தின்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். அன்றைக்கு அவள் அழுதிருந்தால்கூட வல்லிநாயகத்துக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அக்கா இளைத்திருந்தாள். பெட்டியை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குள் போனாள். அலமாரியைப் பார்த்தாள். துண்டை விலக்கி வாசித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள்.

"நல்லாருக்குட்டி" என்றாள். "ஒரு பழந்துணி எடு. கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டா."

மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடைத்தாள். மத்தியானம் சமையல் முடிந்ததும் துடைத்தாள். ராத்திரியும் துடைத்தாள். சனிக்கிழமை விடிய முத்துவடிவு எழுந்து வந்தபோது அடுப்புப் பற்றியிருந்தது, அலமாரி ஈரமாக மின்னியது.

அன்று மாலை முத்துவடிவு கணவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"வந்ததுலேருந்து தொடைச்சுக்கிட்டே இருக்கா. என் அடுக்களை அழுக்குன்னு சொல்லாமச் சொல்லுதா."

"மதினி அப்படி நெனைக்க மாட்டாவ."

"உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு முந்தி எந்திரிச்சு அடுப்பு மூட்டிருதா. இன்னைக்கு என்ன வைக்கணும், எத்தன பேருக்குன்னு எங்கிட்டயே கேக்கா. எனக்கு அங்கன வேலையே இல்ல." இப்போது அழுதேவிட்டாள். "நாளைக்கு அத்தானைக் குளிக்கக் கூட்டிட்டுப் போறீயள்லா? அவுக வீட்டு அலமாரிக்கு யாரு அடிச்சா, என்ன பெயிண்டுன்னு கேட்டுட்டு வாங்க. அடுத்த சீசனுக்குள்ள அதையே அடிச்சுருவோம். எனக்கு இந்தப் பாவம் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல தண்ணீர். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். நமசிவாயம் அதிகம் பேசாத மனிதர். முழங்கையில் எண்ணெயைத் தேய்த்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காற்று பட்டதில் அவர் முகம் இரண்டு நாளில் தெளிந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்றார் வல்லிநாயகம். "உங்க வீட்டு அலமாரிக்குப் பெயிண்டு அடிச்சது யாரு? முத்து விடாமக் கேக்கா. மதினி லெட்டர் போடுறப்பல்லாம் அதைப் பத்தித்தான் எழுதுதாவ. எங்களுக்கும் அதே மாதிரி வேணும்."

நமசிவாயத்தின் கை நின்றது. எண்ணெய்க் கிண்ணத்தை மெதுவாகப் பாறையில் வைத்தார்.

"நான் வேல பாத்த கம்பெனிய மூடி ரெண்டு வருசமாச்சு, தம்பி. முத்துகிட்டச் சொல்லிராதீங்க. அது உங்க மதினி தினமும் சமைக்கப் போற டாக்டர் வீட்டு அலமாரி."