கைகளைக் கட்டிக்கொண்டு ரயில் பார்ப்பது எப்படி

மாதிரி ரயில் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் சில யோசனைகள் உண்டு. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் குழந்தைகள் கூட்டம். தோளில் பை மாட்டாதீர்கள். சட்டென்று திரும்பினால் ஒரு மலையையே இடித்துத் தள்ளிவிடுவீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மற்றவற்றைக் கண்காட்சிக்குப் போவதற்கு முந்தின நாளே டைரியில் எழுதிவிட்டேன். கை சமாசாரம் மட்டும் திரும்பி வந்தபின் எழுதியது.

என் மகள் நித்யா போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் பழக்கமான பிரபுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையனைப் பற்றி எங்களுக்குக் குறை இல்லை. அவன் அப்பா குமரேசனுக்குத்தான் எங்களைப் பற்றித் தயக்கம். (பெண்ணின் அப்பா எதைப் பார்த்தாலும் குறை சொல்வார் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். என் மனைவி செல்வியாகவே இருக்கலாம்.) ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து, ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, மத்தூர் வீட்டு மாடியில் சின்ன ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஒசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடந்தபோது, தன் ரயிலோடு அங்கே வருவதாகச் சொல்லியனுப்பினார். "அங்கயே பாத்துப் பேசுவோம். மனசுக்குப் புடிச்சா சாயங்காலமே தட்டு மாத்திக்கலாம்."

தட்டும் பழமும் பூவும் காரின் பின்சீட்டில் நித்யாவின் மடியில் இருந்தன.

"ப்பா, அவருகிட்ட பழைய வேலையப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன்?"

"கேக்காதீங்கன்னா கேக்காதீங்க."

"அவரு கேக்கமாட்டாருடி. அதுக்குப் பதிலா, மண்டபத்துச் செவுரு கோணலா இருக்குதுன்னு சொல்லுவாரு" என்றாள் செல்வி.

என் தொழில் அப்படி. வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். எங்கள் ஷாப்பில், அதாவது மிஷின்கள் ஓடும் கூடத்தில், சில விதிகள் உண்டு. தப்பைப் பார்த்தவன்தான் லைனை நிறுத்த வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது. ஓடுகிற மிஷினுக்குள் கை விடவே கூடாது. முதலில் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்பு பட்டன், பிறகுதான் கை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் அந்தப் பட்டனைத்தான் தேடும். அந்த மண்டபத்தில் அது குமரேசனின் மேஜைக்குப் பக்கத்துத் தூணில், குடை போல் விரிந்து, பளிச்சென்று இருந்தது. நல்ல ஏற்பாடு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

குமரேசனின் ரயிலும் அப்படித்தான், குறை சொல்ல இடமில்லை. மலை, பாலம், லெவல் கிராசிங், ஓடு வேய்ந்த ஸ்டேஷன். வண்டி அதிராமல் கிளம்பி அதிராமல் நின்றது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. மற்ற மேஜைகளில் எல்லாம் விரல்நகம் அளவுக்கு மனிதர்கள் இருந்தார்கள். தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் யானைக் கூட்டத்தையே நிறுத்தியிருந்தார். இவர் ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை.

"ஆளே காணோமேங்க?" என்றேன்.

"ஆளு இல்லைன்னா நிம்மதிங்க" என்று சிரித்தார்.

அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். அவர் வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு எங்களுக்கு டீ வாங்கப் போனார். அவரோடு வந்திருந்த பிரபு நித்யாவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எதிர்க் கடையில் பொம்மை மனிதர்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். தலையில் கூடை வைத்த பெண் பொம்மை ஒன்றை வாங்கி, லெவல் கிராசிங் ஓரத்தில் நிறுத்தினேன். வந்து பார்த்ததும் மனிதர் பூரித்துப்போவார், தட்டு உடனே கைமாறும் என்பது என் கணக்கு. (ஒட்டாமல் நிறுத்தினேன். ஷாப்பில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனுக்கு அரை நாள் பாடம் எடுத்திருப்பேன்.)

டீயோடு வந்தவர் எதையும் கவனிக்காமல் வண்டியைக் கிளப்பினார். மலையைச் சுற்றி வண்டி வரவர மேஜை லேசாக நடுங்கியது. கூடைக்காரி ஒருமுறை ஆடினாள். மறுபடி ஆடினாள். பிறகு தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தாள்.

கையை நீட்டி எடுத்திருக்கலாம். ஆனால் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததே! திரும்பி, தூணில் இருந்த பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினேன்.

அது மண்டபம் முழுவதற்குமான பட்டன். விளக்கு, மின்விசிறி, எல்லா மேஜைகளின் ரயில்கள், மைக்கில் வரவேற்றுக்கொண்டிருந்த அம்மாள், எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. குழந்தைகள் அழுதன. "யார்ரீ ஆஃப் மாடிதோரு?" என்று கன்னடத்தில் ஒரு குரல் எழுந்தது. அணைத்தது யார் என்று அதையே தெலுங்கில் இன்னொருவர், கெட்ட வார்த்தை சேர்த்துக் கேட்டார். யாரோ பதறி மின்சாரத்தை மறுபடி போட, நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக எகிறின. தேன்கனிக்கோட்டைக்காரரின் எக்ஸ்பிரஸ் வளைவில் கவிழ்ந்து யானைக் கூட்டத்தின் மேல் விழுந்தது.

"காலிங் பெல்லுன்னு நெனச்சீங்களா சார்?" என்று அவர் கத்தினார்.

குமரேசனின் வண்டி மட்டும் எகிறவில்லை. இருட்டிலும் பழக்கத்தில் வேகக் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தார். எஞ்சின் கூடைக்காரிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பிரபு என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனான். "சார், அப்பா ஓட்டுன வண்டில ஒரு அம்மா... கீரைக் கூடையோட தண்டவாளத்தத் தாண்டுனாங்க. பிரேக் போட்டாரு. வண்டி அவங்களத் தாண்டி ரொம்ப தூரம் போய்த்தான் நின்னுச்சு. அதோட வேலைய விட்டுட்டாரு."

நித்யா என்னைப் பார்த்த பார்வையை டைரியில் எழுத முயன்று அடித்துவிட்டேன். செல்வி காருக்குப் போய்ப் பழத்தட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். வெயிலுக்கு என்றாள். இனித் தட்டு மாறாது என்றுதான் மூடினாள் என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். கூடைக்காரி அவர் உள்ளங்கையில் இருந்தாள்.

"யாரு அமுக்குனது?"

"நான்தாங்க. பொம்மைய வச்சதும் நான்தாங்க."

"பாத்த உடனே அமுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க. பாத்த உடனே."

பொம்மையின் கூடையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நானும் பாத்த உடனேதாங்க அமுக்குனேன்."

"சத்தியமா அப்படித்தான் இருக்கும்ங்க" என்றேன். கவிழ்ந்த வண்டிகளை எடுத்து நிறுத்தும் சத்தம் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது நின்னுடுச்சு பாருங்க" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். "சம்பந்தி, பூ வாடிடப்போவுது. தட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

கல்யாணத்தன்று ஜெனரேட்டர் பக்கத்தில் தேன்கனிக்கோட்டைக்காரரைக் காவலுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். "பொண்ணோட அப்பா இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க" என்று பந்தியில் எல்லோரிடமும் சொல்லி அனுப்பினாராம். இன்றைக்கும் நான் யார் வீட்டிலாவது சுவிட்ச் பக்கம் சாய்ந்து நின்றால், "ஏங்க, தள்ளி நில்லுங்க" என்று செல்வி ஆரம்பிப்பாள். மாப்பிள்ளை வீட்டார் மிச்சக் கதையை முடிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சம்பந்தியும் அந்த நேரத்தில் அவரவர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்போம்.

மத்தூர் மாடியில் இப்போதும் அந்த ரயில் ஓடுகிறது. ஸ்டேஷனில் ஒரே ஒரு ஆள், கூடைக்காரி. தண்டவாளத்தைவிட்டு நன்றாகத் தள்ளி, சுவரோரமாக நிற்கிறாள். நான் போகும்போதெல்லாம் சம்பந்தி வண்டியை நிறுத்திவிட்டு, "ஒட்டியிருக்குதான்னு பாருங்க" என்பார். ஒரு விரலால் அசைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்பேன். அதன் பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். நான் கைகளைக் கட்டிக்கொள்வேன்.