சோடாவின் இரண்டாவது ஹைட்ரஜன்

அன்பு மச்சான் அஸ்ஃபாக் அவர்களுக்கு, புனே கோர்படியிலிருந்து பாட்சா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் தங்கை சைனபும் நானும் நலம். என் பிளட் பிரஷர் மட்டும் உங்கள் தயவில் ஏறியிருக்கிறது.

இளையவள் இர்ஃபானாவை எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கச் சென்னைக்கு, உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னீர்கள். முடியாது. அவள் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குச் சந்தேகம். வேறு காரணம் எதுவும் இல்லை. நானே பரீட்சை வைத்தேன். இருபது வருஷமாகச் சோடா விற்கிறவன் மகள், என் சோடாவின் பிஎச் எவ்வளவு என்று சொல்லட்டும் என்றேன். எண் குறையக் குறைய ஆசிட் கடுமையாம். சோடாவில் இருப்பது கார்பானிக் ஆசிட்டாம், விட்டுக்கொடுக்க அதனிடம் இரண்டு ஹைட்ரஜனாம். இரண்டென்றால் இரண்டால் பெருக்க வேண்டியதுதானே? அப்படி இரண்டும் முழுசாகக் கிளம்பிவிடுவதாகப் போட்டால் ஒன்று புள்ளி ஒன்று வருமாம், குடித்தவன் பல்லோடு வீடு போய்ச் சேரமாட்டானாம். கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்த சந்திரமௌலி சார், நாலு வருஷ வாடிக்கை, கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். முதல் ஹைட்ரஜனே ஆயிரத்தில் மூன்றுதான் கிளம்புமாம். இரண்டாவதைக் கணக்கில் விட்டுவிடலாமாம். மூன்று புள்ளி ஒன்பது என்றாள். பிஎச் பார்க்கும் கலர் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன். காகிதமும் அவள் கட்சி, நாலு காட்டியது. சைனபு வேறு உள்ளேயிருந்து "பரோபர்", சரிதான் என்று மராத்தியில் தீர்ப்புச் சொல்கிறாள்.

இரண்டாவதை எப்படி விடலாம்? நானே என் அத்தாவுக்கு இரண்டாவது பிள்ளை. கோபமாகக் கேட்டேன், அது ஏன் கிளம்பாது என்று. இர்ஃபானா சொன்னாள்:

"மொத ஒண்ணு போனதும், மிச்சம் இருக்கிறது மைனஸா ஆயிருது அத்தா. அது அடுத்ததை லேசுல விடாது. புடிச்சு வச்சுக்கும்."

மூத்தவள் ஃபஹ்மிதா கல்யாணமாகி நாக்பூர் போய் ஒரு வருஷமாகிறது. சைனபு என்னையே பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காஸ் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு பாட்டில் கழுவப் போனேன்.

ஆகவே, கணக்கில் ஒரு ஹைட்ரஜனையே கைவிடுகிற பெண்ணை நம்பி ஊர்விட்டு ஊர் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. இந்த முடிவில் மாற்றம் கிடையாது.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
உறுதியுடன்,
பாட்சா

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறவள் இர்ஃபானாதான். அவளுக்குக் கத்திரிக்காய் சேராது. தினம் ஒரு தடவை போன் பண்ணச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.