குழாய் பழகும் வரை

கையைக் காட்டினால் தண்ணீர் வர வேண்டும். என்ஜினியர் வலது கையைக் காட்டினார். இடது கையைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துக் கும்பிடுகூடப் போட்டுப் பார்த்தார். வாஷ்பேசின் மேல் பளபளவென்று நின்ற புதுக் குழாய் கண்டுகொள்ளவே இல்லை.

"தொடாமலே வரும்னீங்க. இது தொட்டாலும் வர மாட்டேங்குதே?" என்றாள் மனைவி, துண்டோடு கதவருகே நின்றபடி.

"இப்பத்தானே மாட்டியிருக்கேன்? அது கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா?"

அவர் என்ஜினியர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு சரக்கு லாரி கம்பெனியில் பில் போடும் குமாஸ்தா. ஒருமுறை ஆபீஸ் காபி மெஷினைச் சரி செய்கிறேன் என்று கழற்றி, திரும்ப மாட்டிய பிறகு ஏழு திருகாணிகளை மீதி வைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. மற்றவர்கள் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னவோ மனமாரத்தான் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அந்தப் பட்டத்துக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. போன மாதம் அவர் ரிப்பேர் செய்த காலிங் பெல்லை அமுக்கினால் ஹாலில் ஃபேன் சுற்றியது. மனைவியின் தம்பி வந்து பத்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போனான். அதன்பின் நான்கு நாள் என்ஜினியர் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உப்பைக்கூடச் சைகையில்தான் கேட்டார்.

ஐந்தாம் நாள் மனைவி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். அவள் மதிய ஷிப்டில் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் இருப்பது போல ஒரு குழாயை இவர் வாங்கி வந்திருந்த நேரம் அது.

"இதான் கடைசி. இத நீங்களே ஒழுங்கா மாட்டிட்டா, இனிமே ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட உங்களத்தான் கேப்பேன். இல்லேன்னா டூல் பாக்ஸ் என் தம்பி வீட்டுக்குப் போயிடும், ஆமா."

டூல் பாக்ஸைக் கேட்பதும் ஒன்றுதான், அவர் மீசையைக் கேட்பதும் ஒன்றுதான். உடனே வேலையில் இறங்கினார். பெட்டிக்குள் இருந்த பத்துப் பக்கக் குறிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"படத்தப் பாத்து மாட்டறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்ப இதக் குப்பையில போட்டுடவா?"

"தாராளமா."

இதோ, மாட்டியாகிவிட்டது. தண்ணீர்தான் வரவில்லை. மணி ஒன்பதாகிவிட, "யாரும் கை வைக்காதீங்க, சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த மகள் கத்தினாள்.

"அப்பா, குழாய் சூப்பரா வருது!"

போய்க் கையை நீட்டினார். சர்ரென்று வந்தது. எடுத்தார், நின்றது. என்ஜினியர் ஒரு கணம் ஆடித்தான் போனார். ஆனால் ஆச்சரியத்தை வெளியே காட்டிக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "காலையில மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்துச்சு. இப்ப எப்படி?"

"அது அப்படித்தான். புது மெஷின் இல்லையா? வீட்டு ஆளுங்களோட பழகணும். பழகிட்டா தானா வந்துடும்."

"ஓகோ," என்றாள் அவள்.

வேறொருவராக இருந்தால் இத்தோடு கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். என்ஜினியருக்கு மறுநாள் காலை தண்ணீர் கொஞ்சம் வேகமாக வருவதாகப் பட்டது. "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்றபடி பேசினுக்குக் கீழே தலையை விட்டு, ஹோஸை அரைச்சுற்றுத் தளர்த்தினார். மறுகணம் ஆபீஸ் சட்டை தொப்பலாக நனைந்தது. தண்ணீர் நடைக்கு ஓடி, செருப்புகள் ஒவ்வொன்றாக வாசலை நோக்கிக் கிளம்பின.

"ஐயோ, வால்வ மூடுங்க!"

"பதறாத! சாயங்காலத்துக்குள்ள பழகிடும்!"

பழகிவிட்டது. சாயங்காலம் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

மூன்றாம் நாள், ஆள் உள்ளே நுழைந்ததுமே தண்ணீர் தயாராக இருந்தால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றியது. கை வருவதைப் பார்த்துத் தண்ணீர் விடும் குழாயின் கண்ணைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்தார். உள்ளே போனால் கொட்டியது, வெளியே வந்தால் கொட்டியது, நடையில் யாராவது கொட்டாவி விட்டால்கூடக் கொட்டியது.

"அப்பா, நான் பல்லுதான் விளக்கினேன். அது என்னைக் குளிப்பாட்டி விட்டுடுச்சு!"

"உன் மேல அதுக்கு அவ்வளவு பாசம்."

அன்று சாயங்காலமும் எல்லாம் சரியாகியிருந்தது. அதற்கப்புறம் அவரை யாரால் பிடிக்க முடியும்? தினமும் காலையில் எதையாவது கழற்றினார். தினமும் சாயங்காலம் குழாய் தானாகப் பழகியிருந்தது. பத்தே நாளில் அனுபவம் முற்றிவிட்டது. ஒழுகல் என்றால் எட்டு மணி நேரம், கண்ணில் கோளாறு என்றால் ஆறு மணி நேரம் என்று ஆபீஸில் மதிய இடைவேளையில் பாடமே நடத்தினார். நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவதாக நின்று கேட்டவர் மேனேஜர்.

"என்ஜினியர், எங்க வீட்டுலயும் ஒண்ணு மாட்டித் தர முடியுமா?"

'என்ஜினியர்' என்று சிரிக்காமல் கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். என்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டில் இதைக் கேட்டதும் மனைவிக்குப் புரையேறியது.

"மேனேஜர் வீட்டுலயா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? ஒரு பிளம்பரக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க."

"உனக்கு என் மேல நம்பிக்கையே கிடையாது."

"அப்படிச் சொல்லல. மூணு தெரு தள்ளிப் போய்..."

"மூணு தெரு தள்ளிப் போனா தண்ணி வேற மாதிரியா வரும்?"

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கையை நீட்டினால் தண்ணீர் நின்றது. கையை எடுத்தால் கொட்டியது. அது போக, பேசினுக்கு அடியில் இன்னொரு அருவி. சமையல்கார அம்மா வாளியும் துணியுமாக ஓடி வந்தார்.

"என்ன என்ஜினியர் இது?"

"கூச்சம் சார்."

"யாருக்கு?"

"குழாய்க்கு. புது எடம் பாருங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பழகிடும். யாரும் கை மட்டும் வெச்சுடாதீங்க."

நாளையும் வந்தது, சாயங்காலமும் வந்தது. குழாய்க்குக் கூச்சம் தெளியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அலறிய போனை என்ஜினியர் காதுக்குக் கொஞ்சம் தள்ளியே பிடிக்க வேண்டியிருந்தது. அடுப்படிவரை கேட்டது.

"வீட்டுல அத்தனை பேரும் தோட்டத்துக் குழாயில பல் விளக்கறோம், தெரியுமா? நானும் வீட்டம்மாவும் இப்ப வேலைக்குக் கெளம்பறோம். மதியம் உங்கள நானே கார்ல கூட்டிட்டு வர்றேன். அப்பவும் தண்ணி வரல, இனிமே ஆபீஸ்ல உங்கள யாரும் என்ஜினியர்னு கூப்பிடக் கூடாதுன்னு நோட்டீஸ் போர்டுலயே ஒட்டிடுவேன்!"

என்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஊரெல்லாம் கிண்டலாகக் கொடுத்த பட்டம்தான். ஆனாலும் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணுமே புரியல," என்றார். "நம்ம வீட்டுல பழகினது அங்க ஏன் பழகல? ஒருவேளை அவங்க கை சரியில்லையோ?"

"இருக்கும்."

"பயமா இருக்குடி."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் காலரைச் சரி செய்தாள்.

"பேசாம ஆபீஸுக்குக் கெளம்புங்க. மதியத்துக்குள்ள பழகிடும்."

"நெஜமாவா சொல்ற?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆபீஸில் அவருக்கு வேலை ஓடவில்லை. நாற்பது டன் சிமெண்டுக்கு நானூறு டன் என்று பில் போட்டார். மதியம் மேனேஜரின் காரில், டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

சமையல்கார அம்மா கதவைத் திறந்தார். என்ஜினியர் நேராகக் குழாய் முன் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

சர்ரென்று வந்தது. எடுத்தார், நின்றது. குனிந்து அடியில் தடவிப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. மேனேஜரும் கையை நீட்டினார். அவருக்கும் வந்தது. நீட்டினார், எடுத்தார், நீட்டினார், எடுத்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு.

"பிரமாதம், என்ஜினியர்! மன்னிச்சுக்குங்க, அவசரப்பட்டுக் கத்திட்டேன். இனிமே ஆபீஸ்ல எது ரிப்பேர்னாலும் உங்களத்தான் கூப்பிடணும்னு நோட்டீஸ் ஒட்டறேன்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார்?" என்ஜினியருக்குக் குரல் திரும்பிவிட்டது, நெஞ்சும் இரண்டு அங்குலம் நிமிர்ந்துவிட்டது. "மெஷின் வேலைக்குப் பொறுமைதான் சார் முக்கியம். நாம எதுவும் செய்யவே கூடாது. அதுபாட்டுக்குப் பழகும்."

சமையல்கார அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவரருகே வந்தார்.

"சார், காலையில அனுப்பி வெச்சீங்களே அந்த பிளம்பர் அக்கா, அவங்க நம்பர் கொஞ்சம் குடுங்க, எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுது. நான் கேட்டதுக்கு, 'பதினாலு வருஷமா அந்த சார் வீட்டுலதான் வேலை, ஒரு நாள்கூட லீவு கெடையாது'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க!"