ஆடி மாசத்து லினக்ஸ்

'இந்த வீட்டில் ஒருத்தர் சொன்னால் சொன்னதுதான்' என்று உத்தமபாளையம் உரக்கடை ஈஸ்வரபாண்டி முடிவெடுத்தார். அந்த ஒருத்தர் யார் என்பதைத்தான் கவனிக்க மறந்துவிட்டார்.

விவகாரம் ஒரு மேஜை. ஜன்னலோரம், நல்ல வெளிச்சம், கைக்கெட்டும் தூரத்தில் பிளக். அதன்மேல் அவருடைய பழைய கம்ப்யூட்டர் குந்தியிருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை காய்ந்து, இட்லி தின்று கை கழுவி வந்தாலும் அது அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். மனைவி அனுசுயா தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவள். இருட்டு அடுப்படி ஓரத்தில் மிதி மிஷினோடு மல்லுக்கட்டும் அவளுக்கு அந்த மேஜை வேண்டும். "ஓடாத வண்டிக்கு எதுக்குங்க ஷெட்டு?" என்பாள்.

இது போதாதென்று கம்ப்யூட்டரே ஒருநாள் திரையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. தங்கள் பெட்டிக்கு வயதாகிவிட்டது, புது சிஸ்டம் தாங்காது, வேறு வாங்கிக்கொள்ளவும். ஈஸ்வரபாண்டிக்கு மீசை துடித்தது.

"ஏம் பெட்டிக்கு வயசாச்சுன்னு சொல்ல அவென் யாரு? பொண்ணு கேட்டா போனேன் அவென் வீட்டுக்கு?"

தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதர் பிரின்ஸ்தான் ஒரு பென்டிரைவைக் கொடுத்துச் சாந்தப்படுத்தினார். உள்ளே லினக்ஸ் என்றொரு சிஸ்டம். காசு கிடையாது, கெஞ்ச வேண்டியதில்லை, கிழட்டுப் பெட்டியையும் எழுப்பி ஓடவிடும் என்றார்.

செருகினார். திரை ஒரே கேள்வி கேட்டது: சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கிறீர்களா, இன்ஸ்டாலே பண்ணிவிடட்டுமா? அவர் விரல் இன்ஸ்டால் பக்கம் போனபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இது என்ன மாசம்?"

ஆடி.

"ஆடியில எவுகளாச்சும் குடி வைப்பாகளா? இப்போதைக்கு ட்ரை பண்ணுங்க. ஆவணி பொறக்கட்டும், தேங்கா ஒடச்சுக் குடி வைப்போம்."

பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவர் என்பது அவரைப் பற்றி அவரே வைத்திருந்த எண்ணம். ஆனால் ஆடிக்குப் பயப்படுவார். ஆடியில் வாங்கிய ஸ்கூட்டர் ஆவணி பிறக்குமுன் அவரோடு சேர்ந்து வாய்க்காலில் இறங்கியிருந்தது.

ட்ரை பண்ணினார். பெட்டி பறந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமாம், பக்கத்தில் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே குறை, குடி வைக்காத சிஸ்டத்துக்கு ஞாபகம் கிடையாது. அணைத்தால் போச்சு. அவர் திரையில் வைத்த சுருளி அருவிப் படம், பெரிதாக்கிய எழுத்து, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. அந்தக் காற்றுக்குக் கம்பி உரசிக் கரண்டு வேறு கண்ணாமூச்சி ஆடியது. ஒவ்வொரு தடவையும் அருவியை முதலிலிருந்து கொட்டவைத்தார். காற்றைத் திட்டினார், கம்பியில் உட்கார்ந்த காக்காயைத் திட்டினார், ஆடி மாசத்தைக் கண்டுபிடித்தவனைத் தேடித் திட்டினார்.

வந்தவர்களிடம் மட்டும் இந்தக் குறையைப் பற்றி மூச்சு விடவில்லை. அளவு கொடுக்க வருகிற பெண்களையெல்லாம் அனுசுயா அவர் முன்னால் உட்காரவைத்தாள். "அவுககிட்டக் கேளுங்க, நல்லா வெவரமாச் சொல்லுவாக." சொன்னார். நெஞ்சை நிமிர்த்தி மேடைப் பேச்சாகவே சொன்னார். வைரஸ் அண்டாது, காசு கேட்காது, இன்னும் பத்து வருசத்துக்கு அசையாது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் ஜெனிபர் திரும்பத் திரும்ப வந்து, பாடம் ஒப்பிக்கவைக்கிற அதே ராகத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலந்தோறும் அனுசுயாவும் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று ஈஸ்வரபாண்டி பூரித்தார்.

ஆவணி முதல் முகூர்த்தம். கடையைச் சாத்திவிட்டுத் தேங்காயும் சந்தனமுமாக வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே கடகடவென்று சத்தம். மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. அந்த இடத்தில் ஒரு மோட்டார் தையல் மிஷின், சந்தனப் பொட்டோடு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடி ஏம் பெட்டி?"

"டீச்சர் வீட்ல. அவுக மிஷின் சும்மா கெடந்துச்சு, மாத்திக்கிட்டோம். பத்து வருசத்துக்கு அசையாதுன்னு நீங்கதான அவுககிட்டச் சொன்னீக?"

"ஏம் பொருள என்னையக் கேக்காமயா?"

"குடி வச்சிருந்தா அனுப்புவேனா? வெறும் ட்ரைதான பண்ணிக்கிட்டிருந்தீக." நூலைப் பல்லால் கடித்தாள். "நானும் ஆடி பூரா இந்த மிஷின அவுக வீட்ல வச்சு ட்ரைதான் பண்ணேன். இன்னிக்குத்தான் இன்ஸ்டால்."

ஈஸ்வரபாண்டி தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"நிக்காதீக, நல்ல நேரம் முடியப்போகுது," என்றாள் அனுசுயா, மிஷினை நிறுத்தாமலே. "டீச்சருக்கு இன்ஸ்டால் பண்ணத் தெரியாதாம், உங்களத்தான் வரச் சொன்னாக. அவுக சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக, தேங்கா ஒடைக்க மாட்டாக. அத இங்கன வச்சிட்டுப் போங்க, சட்னிக்கு ஆகும்."